லயத்தில் தாமசம்

குமரேசன் எங்கள் தேயிலை ஃபேக்டரி வாசலில் டூரிஸ்ட் ஜீப்பை நிறுத்தினால் ஹாரன் அடிக்காமல் இறங்க மாட்டான். அன்று அடிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு பேக்கிங் பகுதிக்குள் வந்தான். "என்னல, டூரிஸ்டுகளைக் கொழுக்குமலையில இறக்கிவிட்டுட்டு ஓடிவந்துட்டியா?" என்று நான்தான் முதலில் வாயைக் கொடுத்தேன். "அக்கா, தேனி ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. பேச்சி அக்கா போயிட்டாங்க" என்றான். "எங்க போயிட்டாங்க? வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். கையில் இருந்த தேயிலைப் பொட்டலத்தை அப்படியே தரையில் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மாரியம்மன் கோயில் திருவிழா மலருக்குப் பேச்சியம்மாளைப் பற்றி எழுதிக் கொடு என்று கமிட்டியில் என்னைக் கேட்டார்கள். 'காலஞ்சென்ற திருமதி பேச்சியம்மாள் அவர்கள்' என்று ஒரு தொடக்கமும் சொல்லிக் கொடுத்தார்கள். அது எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளை 'அவர்கள்' என்று எழுதினால் அவளே எழுந்து வந்து, "ஏட்டி செல்வி, யாருட்டி அது அவர்கள்?" என்று கேட்பாள். அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்தை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அதனால் அவள் எனக்கு மதினி. ரத்த உறவு எதுவும் கிடையாது. 'அவள்' என்றே எழுதுகிறேன், கமிட்டிக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சூரியநெல்லியில் இருப்பவர்களுக்கு நான் லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலர் வெளியூர்க்காரர் கைக்கும் போகும் என்பதால் சொல்கிறேன். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளை இங்கே லயம் என்போம். ஒரே கூரை, பக்கத்துக்குப் பக்கம் ஒற்றைச் சுவர். எங்கள் வீட்டில் கடுகு தாளித்தால் மதினி வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் பேச்சியம்மாள் எலக்ட்ரிக் கிடார் வாசித்தாள்.

குக்கருக்கு ரப்பர் வாங்க என்று போடிக்கு பஸ் ஏறியவள், பெட்ஷீட்டில் சுற்றிய கிடாரோடு திரும்பி வந்தாள். ரப்பர் வாங்கவில்லை. அங்கே ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரர் மேடையை விட்டுவிட்டுத் துணிக்கடை வைக்கப் போகிறார் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "உனக்கு எதுக்கு மதினி இந்த வயசுல?" என்று கேட்டேன். அப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். "சின்னப் புள்ளையில திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வரும்லா. எல்லாரும் பாடுறவங்க வாயைப் பாத்தாங்க. நான் கம்பிக்காரர் விரலைத்தான் பாத்தேன்" என்றாள். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தரவில்லை. அண்ணன்தான் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ரப்பர் எங்க, ரப்பர் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

எலக்ட்ரிக் கிடாரைச் சும்மா மீட்டினால் சத்தம் வராது. அதற்கு ஆம்ப் என்று ஒரு பெட்டி வேண்டும். பெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று ஆர்கெஸ்ட்ராக்காரர் சொன்னாராம். அதை லயத்தில் வைத்து வாசித்தால் கூரைத் தகரம் நிற்காது என்று இவள் வேண்டாம் என்றிருக்கிறாள். வழி சொன்னவன் குமரேசன். "பெட்டியெல்லாம் இப்ப போனுக்குள்ள வந்துட்டு அக்கா" என்று ஒரு ஆப்பை அவள் போனில் இறக்கிக் கொடுத்தான். திறந்தால் பெட்டியின் படம், அதில் திருகுகிற குமிழ்கள், கீழே வரிசையாகக் கலர் கலராகச் சின்னப் பெட்டிகள். ஒன்றைத் தொட்டால் சத்தம் கரகரக்கும், இன்னொன்றைத் தொட்டால் எதிரொலிக்கும். கிடாரிலிருந்து ஒரு வயர் போனுக்குப் போகும், போனிலிருந்து இன்னொரு வயர் காதுக்கு. அவ்வளவுதான் மதினியின் கச்சேரி.

அவள் காதுக்குள் என்ன நடந்ததோ அது அவளுக்கு. எங்களுக்குக் கேட்டது வெறும் கம்பிச் சத்தம். டிங், டிங், டிடிங். வேலை முடிந்து வந்து உலையை வைத்துவிட்டு ஆரம்பிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். பாத்திரத்துக்குள் மாட்டிய வண்டு மாதிரி இருக்கும். "கொசு, கொசு" என்பார் அண்ணன். கடைசி வீட்டு ராமுத்தாயி, "பேச்சி, கொசுக்கச்சேரி முடிஞ்சுதா, நான் டிவி போடட்டுமா?" என்று வாசலில் நின்று கேட்பாள். மதினி காதில் மாட்டியிருப்பதால் அவளுக்கு ஒன்றும் கேட்காது, சிரித்துத் தலையாட்டுவாள். ராமுத்தாயியும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். வருஷக்கணக்காக எங்கள் லயம் பேச்சியம்மாளின் இசையைக் கேட்டது இப்படித்தான்.

போனோடு அவள் போட்ட சண்டை தனிக் கதை. ஃபேக்டரி வேலையில் காய்த்துப்போன விரல், அதன் மேல் கம்பி அழுத்திக் காய்த்த காய்ப்பு. தொட்டால் போனுக்குத் தெரியாது. குமிழைத் திருக வேண்டும் என்றால் சுண்டுவிரலை நாக்கில் நனைத்துக்கொண்டு திருகுவாள். "மனுசன் தொட்டா தெரிய மாட்டேங்குது, இதெல்லாம் ஒரு போனா?" என்று அதைத் திட்டுவாள். தனக்குப் பிடித்த சத்தங்களை ஆப்பில் பேர் போட்டு வைத்திருந்தாள். கரகரப்பான சத்தத்துக்கு 'மேஸ்திரி'. சுத்தமான சத்தத்துக்கு 'கொழுந்து'. பனிமூட்டம் ஊரெல்லாம் மூடி, அதற்குள் எங்கிருந்தோ வருவது போன்ற சத்தத்துக்கு 'மஞ்சு'. ஒரு தடவை அடித்தால் மறுபடியும் அதையே திருப்பிச் சொல்லுகிற சத்தத்துக்கு என்ன பேர் தெரியுமா? 'சங்கரலிங்கம்'. அண்ணனுக்கு இந்த மலரைப் படித்துத்தான் இது தெரியும் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீங்க அண்ணே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் மாட்டிக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "இந்தா, நீயும் கேளு" என்று காதில் மாட்டுவதில் ஒன்றை எனக்குத் தந்தாள், மற்றதைத் தான் வைத்துக்கொண்டாள். வாசித்தாள். எனக்கு இடையிடையேதான் கேட்டது. ஒன்று வரும், அடுத்தது வராது. "மதினி, நீ பாதியை முழுங்கிடுத" என்றேன். அவளுக்கும் புரியவில்லை. பிறகு குமரேசன்தான் சொன்னான், அந்த எதிரொலி வலது காதுக்கும் இடது காதுக்கும் மாறி மாறிப் போகும் என்று. ஒரு பாட்டை இரண்டு பேருமாகப் பங்கு வைத்துக் கேட்டிருக்கிறோம்! அன்றைக்கு அது தெரியாமல், "சரி, ரெண்டையும் நீயே வெச்சுக்கோ" என்று முழுவதையும் என் காதில் மாட்டிவிட்டு, தான் ஒன்றும் கேட்காமலே வாசித்தாள். நான் என்ன சொல்ல? பழைய தாலாட்டு ஒன்று, என் அம்மா பாடுவாள். அதைக் கம்பியில் எடுத்தாள். இந்தச் சுவருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சத்தம் இருந்ததா என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். "என்னட்டி, அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று பதறிப்போய் நிறுத்தினாள்.

அதன் பிறகுதான் நாங்கள் மூன்று பேர் சேர்ந்தது. நான் பாடுவேன். குமரேசன் ஜீப் ஓட்டாத நேரத்தில் ரிதம் பேட் தட்டுவான். சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில், சாயங்காலம் விறகு போட்டு டூரிஸ்டுகளை உட்கார வைக்கிற இடத்தில், பாட ஆள் கேட்டார்கள். ஆனை இறங்குகிற இடம், பெரிய பெட்டி வைக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் மைக்கும் குமரேசன் பேடும் அங்கிருந்த சின்ன மிக்ஸரில் வயரில் மாட்டியாயிற்று. மதினியின் புதுப் போனில் வயர் குத்த ஓட்டையே இல்லாததால், சார்ஜ் குத்துகிற இடத்தில் மாட்ட அடாப்டர் என்று ஒரு சின்னத் துண்டு வாங்கி, அதில் கிடாரை மட்டும் செருகியிருந்தாள். சத்தம் வெளியே வர குமரேசன் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவந்தான். வயரே வேண்டாம், காற்றிலேயே போகும் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

அங்கேதான் வினை வந்தது. வீட்டில் மணி மாதிரி வாசிக்கிறவள் ரிசார்ட்டில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இணுக்கு பின்னால் வந்தாள். நான் பாட்டை எடுத்துவிடுவேன், கிடார் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும். குமரேசன் முதலில் பொறுத்துக்கொண்டான். அப்புறம், "அக்கா, கொஞ்சம் பிந்துது" என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். ஒரு நாள் திரும்பி வரும்போது ஜீப்பில் என்னிடம் மெதுவாக, "பேச்சி அக்காவுக்குத் தாளம் நிக்கல அக்கா, என்ன செய்ய?" என்றான். பின் சீட்டில் கிடாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. "மெள்ளப் பேசுததா நெனப்பு உனக்கு" என்று அவனை நான் வைதேன். மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாடகிக்குச் சுருதி இல்லை என்று சொல்லுங்கள், சண்டைக்கு வருவாள். வாசிக்கிறவளுக்குத் தாளம் இல்லை என்று சொன்னால் சண்டைக்குக்கூட வர மாட்டாள், உள்ளுக்குள் உட்கார்ந்துவிடும். மதினிக்கு உட்கார்ந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் டிங் டிங்கோடு இப்போது காலால் தரையைத் தட்டுகிற சத்தமும் கேட்டது. தாளம் போட்டுப் பழகுகிறாள். வீட்டில் தட்டினால் சரியாகத்தான் இருந்தது. ரிசார்ட்டுக்குப் போனால் மறுபடியும் பிந்தும். "குளிருல கை மரத்துப்போகுது போல" என்பாள். "வயசாயிட்டு, மூளை சொல்லுதது விரலுக்குப் போய்ச் சேர நேரமாகுது" என்பாள். அந்த வருஷம் திருவிழாவில் எங்களுக்கு மேடை தருவதாகக் கமிட்டி சொல்லியிருந்தது. ராமுத்தாயியும் மற்றவர்களும் கொசு என்று சொன்ன சத்தத்தை லயம் முழுக்க உட்கார்ந்து கேட்கப் போகிற முதல் நாள். அவள் வாழ்க்கையில் வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளே வந்து சொன்னாள்: "செல்வி, நீயும் குமரேசனும் பாடுங்க. நான் வரல. சாமி முன்னால தாளம் தப்பி நிக்க எனக்குத் தைரியம் இல்ல." நான் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தாளம் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலட்டி" என்றாள். 

கடைசியாக ஒரு தடவை ரிசார்ட்டுக்கு வா, அவர்களுக்குச் சொன்ன சொல்லுக்காக, என்று கூட்டிப்போனேன். அன்றைக்கு அங்கே மிக்ஸரைச் சரி பார்க்க அடிமாலியிலிருந்து ஷாஜி என்று ஒரு சவுண்ட்காரர் வந்திருந்தார். மலையாளி, வாய் ஓயாத மனுஷர். நாங்கள் இரண்டு பாட்டுப் பாடுவதைக் குனிந்து வயரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மதினியிடம் வந்தார். ஊரும் வீடும் விசாரிக்கிறார் போல என்று எனக்குத் தோன்றியது.

"சேச்சி, எவிடெயா தாமசம்?" என்று கேட்டார்.

இங்கே நமக்கெல்லாம் குடியிருப்பதற்கும் தாமசம்தான், நேரமாவதற்கும் தாமசம்தான். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார் என்று மதினி நினைத்தாள். அவளுக்கு இருந்த மனநிலையில் தலையைக் குனிந்துகொண்டே, "லயத்துலதான் சார் தாமசம்" என்றாள்.

ஷாஜி கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். "ஏய்! லயத்தில் தாமசம் சேச்சிக்கல்லா. அது ஆ ஸ்பீக்கறினா!" என்றார்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. லயம் என்றால் தாளம் என்றும் ஒரு அர்த்தம் உண்டே! சத்தம் எங்கே பிந்துகிறது என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்; தாளத்தில் நேரமாகிறது, தப்பு என்னுடையதுதான் என்று இவள் ஒப்புக்கொள்கிறாள் என அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கருக்கு என்ன சார் தாமசம், அது குமரேசன் வீட்டில் இருக்கிறது என்று மதினி வேறு வெள்ளந்தியாகச் சொல்லி வைத்தாள். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிறகு விளக்கினார். போனிலிருந்து காற்றில் போகிற சத்தம் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர ஒரு கண்ணிமைப்பு நேரம் ஆகும். பாட்டுக் கேட்கிறவனுக்கு அது தெரியாது. வாசிக்கிறவளுக்கு அதுதான் எமன். இவள் விரல் சரியான இடத்தில்தான் விழுகிறது, சத்தம்தான் நேரம் கழித்து வருகிறது. "சேச்சியுடெ விரல் ஞான் நோக்கி. கிறுகிருத்யம்" என்றார். அப்படி என்றால் துல்லியம் என்று அர்த்தம். மதினி என்னைப் பார்த்தாள். "விரலைப் பாத்தாராட்டி?" என்று கேட்டாள்.  குமரேசன் அந்த ஸ்பீக்கரைத் தூக்கி ஜீப்பில் போட்ட வேகத்தைப் பார்த்து, உடைந்துதான் போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஷாஜி சொன்ன அடாப்டர் துண்டைப் போடியில் தேடி வாங்கினோம். கிடாருக்கு ஒரு வழி, மிக்ஸருக்கு ஒரு வழி, இரண்டுமே வயர். இனிமேல் கவலையில்லை என்று பழக உட்கார்ந்தால், கூத்தைக் கேளுங்கள், மதினி இப்போது முந்துகிறாள்! நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் அடித்து முடித்துவிடுகிறாள். குமரேசன் பேடைத் தட்டாமல் கையைத் தூக்கிக்கொண்டு முழிக்கிறான். பிந்துகிறது பிந்துகிறது என்று சொல்லிச் சொல்லி, அவள் தனக்கே தெரியாமல் சத்தத்துக்கு முன்னால் அடிக்கப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். "இத்தனை நாளும் ஓடு ஓடுன்னீங்க, இப்ப நில்லுங்கீங்க. பேச்சி என்ன பஸ்ஸா?" என்று கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள். நாங்கள் சிரித்ததில் அவளும் சிரித்துவிட்டாள். அந்த அவசரத்தை மறக்க அவளுக்குத் திருவிழா வரைக்கும் ஆனது. சாயங்காலம் சாயங்காலம் நான் அவள் எதிரே உட்கார்ந்து சும்மா மூச்சு விடுவேன், அதைப் பார்த்து அவள் அடிப்பாள். ஆளை ஆள் பார்த்து வாசிக்கிற பழக்கம் எங்களுக்கு அப்போது வந்ததுதான்.

திருவிழா அன்றைக்கு என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்கு நினைவிருக்கும். மேடையில் பெரிய பெட்டிகள். மதினி போனைத் திறந்து, நனைத்த சுண்டுவிரலால் 'கொழுந்து' என்பதைத் தொட்டாள். கோயில் வாசல் முழுக்கக் கேட்டது: "முடி கொட்டுகிறதா? இனி கவலை வேண்டாம்!" காசு கொடுக்காத ஆப்பில் விளம்பரம் வரும் என்பதை மறந்துபோய் நெட்டை அணைக்காமல் வந்துவிட்டாள். பூசாரி தலையைத் தடவிக்கொண்டார். கூட்டம் சிரித்து அடங்கவே நேரமானது. "ஏரோப்ளேன் மோடு அக்கா, ஏரோப்ளேன் மோடு!" என்று குமரேசன் பின்னாலிருந்து கத்துகிறான். போச்சு, இனி இவள் வாசிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "ஆத்தாளுக்கும் கேக்கட்டும், அவளுக்கும் முடி இருக்குல்லா" என்றாள். பிறகு நெட்டை அணைத்துப் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மூச்சை இழுத்தேன். அவள் அடித்தாள்.

அதை நான் எழுதிக் காட்ட முடியாது. கேட்டவர்களுக்குத் தெரியும். முதல் பாட்டு முடிந்ததும் ராமுத்தாயி எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்து, "ஏ பேச்சி, இதுவா அது? நம்ம லயத்துக்குள்ள இத்தனை வருசமும் இதுவா இருந்துச்சு?" என்று கேட்டாள். மதினி தலையை மட்டும் ஆட்டினாள். சங்கரலிங்கம் அண்ணன் சந்தனப் பொட்டோடு ஓரத்தில் நின்றிருந்தார். கீழே இறங்கியவளிடம் வந்து, "நல்லா இருந்துச்சு" என்றார். இரண்டாவது தடவைக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த கிடாரை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

பிறகு கொஞ்சக் காலம் நல்ல காலம். ரிசார்ட்டில் வாரம் தவறாமல் பாடினோம். ஒரு டூரிஸ்ட் பையன் அவளிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்க, அவள் போனைத் திருப்பி, "இது மேஸ்திரி, இது மஞ்சு" என்று தமிழிலேயே விளக்கினாள். அவனும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினான். எத்தனை பேர் பாராட்டினாலும் திரும்பி வரும்போது ஜீப்பில் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "இன்னைக்கு எப்படி, முந்தினேனா பிந்தினேனா?" எவ்வளவு சொன்னாலும் அந்தச் சந்தேகம் அவளை விட்டு முழுதாகப் போகவில்லை. சில சமயம் எனக்கு எரிச்சல் வரும். "ஷாஜி சார் வந்து எழுதிக் கொடுத்தாதான் நம்புவியா மதினி?" என்பேன்.

மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னாள். தேயிலைத் தூசி என்று நினைத்தோம். இருதயத்தில் கோளாறு என்று தேனியில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கிடாரை உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். நாங்கள் ரிசார்ட்டில் வாசித்ததைக் குமரேசன் போனில் பிடித்து அனுப்பியிருந்தான், அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு போர்வை மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்துவிட்டு, "செல்வி, எனக்காகச் சொல்லாத, நெசத்தைச் சொல்லு. நான் முந்துதேனா, பிந்துதேனா?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சரியா இருக்க மதினி. நாங்கதான் உன்னைப் பாத்து வாரோம்" என்றேன். "அப்பச் சரி" என்றாள். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க நான் கிளம்பிவிட்டேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ரிசார்ட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். எனக்குப் போக மனசில்லை. அண்ணன்தான், "போங்க, போங்க" என்றார். மதினியின் போனையும் கொடுத்தார். அந்த ஆப்பில் அவள் வாசித்துப் பதிந்து வைத்தவை இருந்தன. முதல் பாட்டின் ஆரம்பமும் இருந்தது. கிடார் மட்டும் தனியாக நாலு தட்டுத் தாளம் வாசிக்கும், பிறகு நானும் குமரேசனும் சேர்ந்து உள்ளே வர வேண்டும். அதை ஓடவிட்டுப் பாடிவிடலாம் என்றான் குமரேசன். ஓடவிட்டோம். அவள்தான், அதே 'கொழுந்து' சத்தம், ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் மூச்சிழுக்கக் கொஞ்சம் நேரமானால் அவள் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தாள். அது அவள் பழக்கமே இல்லை. மூன்று தடவை முயன்றோம். "நிறுத்துல" என்று கத்திவிட்டேன். அவன் போனை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து அழுதான். அவன் அழுது முடிக்கும் வரை நானும் அழுதேன்.

அதனால் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான் பாடுகிறோம். வேறு கிடார்காரரைச் சேர்க்கவில்லை. பாட்டு ஆரம்பிக்கும் அந்த நாலு தட்டையும் நிரப்பவில்லை, வெறுமனே விட்டுவிடுகிறோம். விறகு எரிகிற சத்தம் மட்டும் கேட்கும். பாடுகிறவர்களுக்குப் பாட்டு மறந்துபோயிற்று என்று டூரிஸ்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். குமரேசன் எண்ணுவதில்லை. நான் தலையசைப்பதில்லை. இரண்டு பேரும் மதினி உட்கார்ந்து வாசித்த காலி நாற்காலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். பேச்சியம்மாளிடமிருந்து எனக்கு வாய்த்தது அந்த நாலு தட்டுதான், அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அது முடிந்ததும் நானும் அவனும் ஒரே நேரத்தில் உள்ளே வந்துவிடுகிறோம். இதுவரை ஒரு நாளும் தப்பியதில்லை.